எட்டு மணிக்குள் போன் வரவில்லை என்றால்...

டெத் வேலி என்றாலே வெயில்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கும் இந்தப் பாலைவனப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. பூமியில் இதுவரை பதிவானதிலேயே அதிக வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு இன்றும் ஏற்றுக்கொண்டிருக்கும் கணக்கு அதுதான். அந்தக் கணக்கைச் சந்தேகப்படும் வானிலை நிபுணர்களும் இருக்கிறார்கள். ஆனால், ஜூன் மாத மதியத்தில் அங்கே காரை விட்டு இறங்கியவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்!

பள்ளத்தாக்கின் அடியில் பேட்வாட்டர் என்றோர் இடம். கடல் மட்டத்துக்கும் கீழே 86 மீட்டர். வட அமெரிக்காவிலேயே தாழ்வான நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை உப்பு. அங்கே நின்று மேற்கே தலையைத் தூக்கினால் ஒரு மலைத்தொடர் நேராக எழுந்து நிற்கும். பெயர் பனமின்ட். அதில் உயரமானது டெலஸ்கோப் பீக். சுமார் 3,368 மீட்டர். உப்புத் தரைக்கும் உச்சிக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோமீட்டர் உயர வித்தியாசம். கீழே ஆளைச் சுடும் அதே நாளில் மேலே ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது.

1860-களின் தொடக்கத்தில் வெள்ளி தேடி வந்த ஹெண்டர்சன் என்பவர் இதில் ஏறினார். அங்கிருந்து எல்லாத் திசையிலும் அவ்வளவு தூரம் தெரிந்ததால், தொலைநோக்கி என்ற பெயரையே மலைக்கு வைத்துவிட்டார். அவருக்கு முன்பே டிம்பிஷா ஷோஷோனி பழங்குடியினர் இங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கோடை வந்தால் பள்ளத்தாக்கை விட்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். வெயிலுக்குத் தப்பலாம், பினியன் பைன் மரத்தின் கொட்டைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு போனார்கள். தனியாகப் போவதெல்லாம் நம் காலத்து ஆசை.

அப்படி ஓர் ஆசை லாஸ் வேகஸில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு வந்தது. வயது 38. டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸ். அக்கா வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறார். இந்தக் கதையில் அக்காவுக்கும் பெரிய பங்கு உண்டு என்பதால், அவரை இங்கே 'தங்கை' என்றே வைத்துக்கொள்வோம்.

தங்கைக்கு 12 மணி நேர ஷிஃப்ட். நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நோயாளிகள் கூப்பிடாத நேரத்தில் மெஷின் கூப்பிடும். வீட்டுக்கு வந்தால் அக்காவின் இரண்டு பையன்கள், 'சித்தி, சார்ஜர் எங்கே', 'சித்தி, ஹோம்வொர்க்.' யார் மீதும் கோபம் இல்லை. ஆனால், ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன்னை யாரும் எதற்காகவும் கூப்பிடாத இடத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

"ஏண்டி, தனியாத்தான் போகணுமா? சனிக்கிழமை மாமா சும்மாதானே இருக்காரு" என்றார் அக்கா.

"மாமா வந்தா வழி பூரா பேசிட்டே வருவாருக்கா."

அதை மறுக்க அக்காவிடம் பதில் இல்லை. ஆனால், ஒரு நிபந்தனை போட்டார். எங்கே போகிறாய், எந்த வழி, எப்போது திரும்புவாய், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடு.

தனியாக மலையேறுகிறவர்கள் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இது. தங்கை ஒழுங்காகவே எழுதினார். கார் நம்பர். கார் நிற்கப்போகும் இடம், மஹோகனி ஃப்ளாட். சட்டை நிறம், ஆரஞ்சு. காலை 6.45-க்கு நடக்க ஆரம்பிப்பது. உச்சி வந்தாலும் வராவிட்டாலும் மதியம் 1 மணிக்குத் திரும்பிவிடுவது. இரவு 8 மணிக்குள், செல்போன் சிக்னல் கிடைக்கும் ஸ்டவ்பைப் வெல்ஸ் என்ற சிற்றூருக்கு வந்து போன் செய்வது. கடைசி வரி: '8 மணிக்குள் போன் வரவில்லை என்றால் 911.' அக்கா அதை ஃபிரிட்ஜ் கதவில், பையன்களின் ஸ்கூல் காலண்டருக்குப் பக்கத்தில் மேக்னெட் வைத்து ஒட்டினார்.

மதியம் 1 மணி என்ற நேரத்தை மலையேறுகிறவர்கள் 'திரும்பும் நேரம்' என்பார்கள். அதை வீட்டில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். உச்சி கண்ணெதிரே தெரியும்போது மூளை நியாயமாகக் கணக்குப் போடாது. அதனால்தான் முன்கூட்டியே எழுதிவைப்பது.

டெத் வேலியில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் வேலை செய்யாது. 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம், இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும், இதே பனமின்ட் மலைத்தொடரின் தெற்குப் பகுதியில் காணாமல் போனது. அவர்களுடைய வேன் கண்ணில் பட்டதே அக்டோபரில்தான். பெரிய தேடுதல் நடந்தும் ஆட்களைப் பற்றித் தகவல் இல்லை. 13 ஆண்டுகள் கழித்து, 2009-ல்தான் எலும்புகள் கிடைத்தன. அக்கா இதைப் படித்திருந்தார். தங்கையிடம் சொல்லவில்லை. தாள் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை. அதிகாலை 3 மணிக்குக் கிளம்பிய தங்கைக்கு முதல் சிக்கல் 6.30-க்கு வந்தது. கார் உள்ளே தாழ்வான சாதாரண செடான். மஹோகனி ஃப்ளாட் போகும் கடைசி மண் பாதையோ பள்ளமும் பாறையுமாகக் கிடந்தது. உயரமான வண்டிகள்தான் ஏறும். அடியில் ஒருமுறை 'டங்' என்று சத்தம் கேட்டதும் பின்வாங்கி, கீழேயிருக்கும் கரிச்சூளைகளின் பக்கத்திலேயே காரை நிறுத்திவிட்டார்.

இந்தச் சூளைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தேன்கூட்டைக் கவிழ்த்துவைத்தது போல, கல்லால் கட்டிய பத்துக் கூண்டுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 25 அடி உயரம். 1877-ல் மோடாக் என்ற சுரங்க நிறுவனம் கட்டியது. இங்கே பினியன், ஜூனிபர் மரங்களை வெட்டிக் கரியாக்கி, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த வெள்ளி உருக்கு உலைகளுக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே வேலை நின்றுபோனது. ஆனால், உள்ளே நுழைந்தால் இன்னும் லேசாகப் புகை வாசம் வருகிறது. ஒரு சின்னச் சத்தம் போட்டாலும் சுவர் திருப்பிச் சொல்கிறது. அந்த அதிகாலையில் தங்கை சத்தம் போடவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூளையிலிருந்து மஹோகனி ஃப்ளாட் சுமார் 3 கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம். திரும்பும்போதும் அதே தூரம். இரண்டும் சேர்ந்து தாளில் எழுதிய கணக்கில் இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். அக்காவிடம் சொல்லலாம் என்றால் சிக்னலுக்கு ஒன்றேகால் மணி நேரம் திரும்பி ஓட்ட வேண்டும். அப்புறம் மலையே கிடையாது. சமாளித்துவிடலாம் என்று நடக்க ஆரம்பித்தார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாள் அந்த நிமிடமே பழையதாகிவிட்டது. அது அக்காவுக்குத் தெரியாது.

இன்னொன்றும் நடந்தது. கேனில் ஐந்து லிட்டர் தண்ணீர் இருந்தது. பை கனமாக இருந்ததால் மூன்று லிட்டரை எடுத்துக்கொண்டு, இரண்டு லிட்டரைத் திரும்பி வந்ததும் குடிக்கலாம் என்று காரிலேயே வைத்தார். மஹோகனி ஃப்ளாட்டிலிருந்து உச்சிக்குப் போய் வர 22 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் நம்பிக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்குக் குறைந்தது நாலு லிட்டர் என்பதுதான் இந்தப் பூங்காவில் பொதுவான கணக்கு.

மஹோகனி ஃப்ளாட்டில் இரண்டு கூடாரங்கள் இருந்தன, ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டியதும் மலை முழுக்கத் தங்கைக்கே சொந்தமானது. பாதை தெளிவாக இருந்தது. இடதுபக்கம் மரங்களுக்கு நடுவே பள்ளத்தாக்கு. அவ்வளவு ஆழத்தில் உப்புத் தரை, யாரோ பாலைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனது மாதிரி. காலையில் நிழல் விலக விலக அது வெளுத்துக்கொண்டே வந்தது.

முதல் ஒரு மணி நேரம் அவர் காது வீட்டிலேயே இருந்தது. மெஷின் அலாரம் அடிப்பது போலவும் யாரோ கூப்பிடுவது போலவும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ஒன்று பறவை. இன்னொன்று தன் பையின் கொக்கி உரசும் சத்தம். ஏறத்தாழ நாலு கிலோமீட்டரில் ஆர்க்கேன் மெடோஸ் என்ற புல்வெளி மேடு வந்தது. அங்கே மலைமுதுகு திறந்துகொள்ள, இதுவரை கிழக்கே மட்டும் தெரிந்த உலகம் மேற்கேயும் தெரிய ஆரம்பித்தது. அங்கே உட்கார்ந்து இரண்டு சப்பாத்தி சாப்பிட்டார். எதிரே சிகரம், இன்னும் ரொம்ப தூரத்தில். காற்று நின்றபோது துளிச் சத்தம் இல்லை. அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அழுதார். சோகம் என்று சொல்ல முடியாது. எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. நல்லவேளை, ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அதற்கப்புறம் பாதை சமமாகப் போய், கடைசியில் வளைந்து வளைந்து ஏறுகிறது. அந்தக் கடைசி ஏற்றத்தில்தான் பிரிசில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. உலகிலேயே நீண்ட காலம் வாழும் மர வகைகளில் ஒன்று. கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில் இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்துக்கு 4,800 ஆண்டுகளுக்கு மேல் வயது. காற்றும் பனியும் முறுக்கி எடுத்த உடம்பு. பாதி மரம் செத்துப் பட்டையில்லாமல் எலும்பாகத் தெரியும், இன்னொரு பக்கம் ஒற்றைக் கிளை பச்சையாக இருக்கும்.

அப்படி ஒரு மரத்தடியில் மணி பார்த்தபோது சரியாக 1.

உச்சி இன்னும் நாற்பது நிமிடம். தலை லேசாக வலித்தது. 600 மீட்டர் உயரத்து லாஸ் வேகஸிலிருந்து ஒரே நாளில் 3,000 மீட்டருக்கு மேல் வந்தால் வரக்கூடிய வலிதான். கால் நன்றாக இருந்தது. வானம் சுத்தம். இப்போது திரும்பினால் சிக்னல் இருக்கும் இடத்துக்கு 6.35-க்குப் போய்விடலாம். அதாவது, 8 மணிக்கு இன்னும் 85 நிமிடம் கையில் இருக்கும். மேலே ஏற நாற்பது, அங்கே இருபது, இதே மரத்துக்கு இறங்கி வர இருபத்தைந்து. கூட்டிப் பார்த்தார். சரியாக 85.

யார் போட்டாலும் அந்தக் கணக்கு சரி. ஆனால், அந்த 85 நிமிடம் செலவு செய்வதற்காக வைத்ததில்லை. கால் பிசகினால், வழி தவறினால், தலைவலி கூடினால் என்று வைத்தது. அக்காவின் பங்கு அது. தங்கை அதை எடுத்துக்கொண்டு மேலே நடந்தார்.

உச்சி எதிர்பார்த்ததைவிடக் குறுகல். நாலு பக்கமும் சரிவு. கற்களுக்கு நடுவே ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஏறி வந்தவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு. கிழக்கே, நேர் கீழே பேட்வாட்டரின் வெள்ளை உப்பு. மேற்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சியரா நெவாடா மலைகளின் பல்வரிசையில் 4,421 மீட்டர் மவுன்ட் விட்னி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமான சிகரம் அது. மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும், ஒரே இடத்தில் நின்று தலையைத் திருப்பினால் போதும். இப்படிப்பட்ட இடங்கள் உலகில் அதிகம் இருக்க வாய்ப்பில்லை.

போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. அவசரமாக 'மேல வந்துட்டேன். லேட்டாகும், பயப்படாதே' என்று அக்காவுக்கு மெசேஜ் தட்டினார். அனுப்பும் அடையாளம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோடு மறைந்தது. போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, செல்ஃபி ஒன்று எடுத்துவிட்டு இறங்கினார்.

பாலைவனத்து மலை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். குளிராக இருப்பதால் தாகம் தெரியாது. காற்று அவ்வளவு உலர்ந்தது, வியர்வை வந்த நொடியே காய்ந்துவிடும். சட்டை நனையாததால் உடம்பு தண்ணீரை இழப்பதே தெரியாது. நோயாளிகளுக்கு ஒவ்வொரு மில்லி லிட்டரையும் கணக்கு வைத்துக் கொடுக்கும் நர்ஸ், ஆர்க்கேன் மெடோஸ் வந்தபோதுதான் கடைசி பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். ஒரு வாய் இருந்தது. காருக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர்.

அதன் பிறகு வேகமாக நடக்க முடியவில்லை. தலைவலி கூடியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நின்றார். இங்கே விழுந்தால் எத்தனை மணிக்குத் தேட ஆரம்பிப்பார்கள் என்று யோசித்தார். 8 மணிக்கு. எங்கே தேடுவார்கள்? தாளில் இருக்கும் மஹோகனி ஃப்ளாட்டில் காரைத் தேடுவார்கள். கார் அங்கே இல்லை. அந்த நினைப்பு வந்ததும் நிழலிலிருந்து எழுந்துவிட்டார். மஹோகனி ஃப்ளாட் வந்தபோது காலையில் பார்த்த கூடாரங்கள் இரண்டும் இல்லை.

சூளைக்கு வந்தபோது மணி 7.10. காரில் இருந்த தண்ணீர் வெந்நீராக இருந்தது. அதைக் குடித்துவிட்டு, வளைந்து செல்லும் மலைச் சாலையில் இருட்டோடு சேர்ந்து இறங்கினார்.

லாஸ் வேகஸில் அக்கா 7 மணிக்கே சமையலை முடித்துவிட்டார். 7.45-க்குத் தாளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். 8 மணிக்கு போனில் 9, 1, 1 என்று தட்டினார். பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை.

"பத்து நிமிஷம் பார்க்கலாமே" என்றார் மாமா.

"எட்டு மணின்னு அவதாங்க எழுதிக் குடுத்திருக்கா."

அழுத்தினால் இரவில் ஆட்கள் மலையேறுவார்கள். அவர்களுக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டால்? அழுத்தாமல் விட்டு, அவள் எங்கேயாவது கால் உடைந்து கிடந்தால்? காத்திருக்கிறவர்களுக்கென்று எந்த மலையேற்றப் புத்தகத்திலும் ஒரு அத்தியாயம் எழுதிவைக்கலாம். 8.10 ஆனது. 8.20 ஆனது. பையன்கள் டி.வி-யை அவர்களாகவே அணைத்துவிட்டார்கள்.

8.26-க்கு மெசேஜ் வந்தது. 'மேல வந்துட்டேன். லேட்டாகும், பயப்படாதே.'

உச்சியில் சுற்றிக்கொண்டு நின்ற அதே மெசேஜ். ஸ்டவ்பைப் வெல்ஸை கார் நெருங்கியதும் போன் தானாகவே அனுப்பிவிட்டது. அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? வெளியே இருட்டு. தங்கை இப்போதுதான் மலை உச்சிக்குப் போயிருக்கிறாள், தனியாக. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நிமிடம் கழித்து போன் அடித்தது. "அக்கா, வந்துட்டேன். கீழ வந்துட்டேன்." அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு அக்கா, "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். பார்த்து ஓட்டிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமாவிடம் போனைக் கொடுத்தார்.

திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்கிறார் தங்கை. அக்கா திட்டவில்லை. இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினார். அந்தத் தாள் நாலாக மடித்து, மாடி அறை மேஜையில் வைக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது நாள் இரவு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்கா கேட்டார். "அப்படி என்னதாண்டி இருந்துச்சு மேல?"

தங்கை போனை எடுத்து நீட்டினார். கிழக்கே உப்புத் தரை, மேற்கே பனி மலைகள், முறுக்கிய மரம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். செல்ஃபி வந்ததும் நின்றார். அதற்கு அடுத்து, திரும்பி வந்ததும் சூளைக்குப் பக்கத்தில் எடுத்த இன்னொரு செல்ஃபி. அக்கா இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினார். சூளையை அல்ல, தங்கையின் முகத்தை. வெடித்திருந்த உதட்டை.

"தண்ணி எப்போ தீர்ந்துச்சு?" என்றார்.

தண்ணீரைப் பற்றித் தங்கை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.